கரையில் ஒதுங்கும் தார் உருண்டை எந்த ஊர் எண்ணெய் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

#1 வேதிமாணவி

வணக்கம். முதுநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்குக் கச்சா எண்ணெயின் மூலத்தைக் கண்டறிவது பற்றித் தலைப்பு எடுத்திருக்கிறேன். கலவையைப் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப், மூலக்கூறை நிறை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எல்லாம் பாடத்தில் வந்ததுதான், கருவி எப்படி ஓடுகிறது என்பதில் குழப்பம் இல்லை. சந்தேகம் வேறு இடத்தில். கச்சா எண்ணெய் என்பது ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கலந்தது. சவுதியில் எடுத்தாலும் நைஜீரியாவில் எடுத்தாலும் அதே அல்கேன்கள், அதே அரோமாட்டிக்குகள். அது கடலில் கொட்டி, வெயிலில் காய்ந்து, அலையில் அடிபட்டு, பாக்டீரியா தின்றது போக மிச்சம் கரையில் வந்து கிடக்கும்போது, அதை எடுத்து "இது இந்தக் கப்பலின் எண்ணெய்" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? நீதிமன்றத்தில் நிற்குமா? தேடிப் பார்த்த இடத்தில் எல்லாம் "கைரேகை போல" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ரேகை எது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

#2 நிலத்தடி

எண்ணெய் வேதியியல் சோதனைக்கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். எண்ணெயில் அதிகமாக இருக்கும் பொருட்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் சொல்வது சரிதான், ஒன்றும் பிடிபடாது. நாங்கள் தேடுவது மிகக் குறைவாக இருப்பவற்றை, பத்து லட்சத்தில் சில நூறு பங்கு, சில சமயம் அதற்கும் கீழே. பயோமார்க்கர் என்பார்கள். ஓர் உயிர் தன் உடம்பில் கட்டிய மூலக்கூறின் எலும்புக்கூடு அப்படியே பாறைக்குள் தங்கி, பல கோடி ஆண்டு கழித்து எண்ணெயோடு வெளியே வருகிறது.

ஹோப்பேன் என்று ஒரு குடும்பம் இருக்கிறது, ஐந்து வளையம், பெரும்பாலும் 27 முதல் 35 கார்பன் வரை. பாக்டீரியாவின் சவ்வில் இருந்த பொருள் அது. பாக்டீரியா செத்து, சேற்றில் புதைந்து, சூடேறும்போது மூலக்கூறில் ஒட்டியிருந்த ஆக்சிஜன் எல்லாம் கழன்று போகும், வளையங்கள் மட்டும் நிற்கும். ஸ்டீரேன் பாசிகளின் ஸ்டீராலிலிருந்து வருவது. நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலும் அதே வகைதான். பிரிஸ்டேனும் ஃபைட்டேனும் பெரும்பாலும் பச்சையத்தின் வால் பகுதி உடைந்து வந்தவை, அந்த இரண்டின் விகிதம் சேறு படிந்த இடத்தில் ஆக்சிஜன் இருந்ததா இல்லையா என்று கோடி காட்டும். ஒலியனேன் இருந்தால் அந்தப் பாறை படிந்த காலத்தில் பூக்கும் தாவரங்கள் இருந்திருக்கின்றன என்று அர்த்தம், அதாவது பாறை கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) அல்லது அதற்குப் பிந்தையது. எனக்கு இவற்றிலேயே மிகவும் பிடித்தது அதுதான். கருவி வரையும் படத்தில் ஒரே ஒரு பீக், அதாவது ஒரு முகடு, பூ பூத்ததா இல்லையா என்று சொல்லிவிடுகிறது.

சேறு படிந்த இடம் ஏரியா கடலா, அங்கே வாழ்ந்தது என்ன, பாறை எவ்வளவு சூடு கண்டது, இவை மூன்றும் பாறைக்குப் பாறை மாறும். அதனால் இந்தச் சேர்மங்களின் விகிதங்களும் மாறும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 191 நிறையுள்ள அயனியை மட்டும் பார்த்தால் ஹோப்பேன்கள் வரிசையாக நிற்கும், 217 பார்த்தால் ஸ்டீரேன்கள். இரண்டு எண்ணெயின் 191 படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண் அரை நிமிடத்தில் ஓரளவு சொல்லிவிடும். அப்புறம் கணக்குப் போட்டு உறுதி செய்ய வேண்டும்.

கடலில் கிடந்து மாறிவிடாதா என்று கேட்டீர்கள். மாறும், ஆனால் ஒரு ஒழுங்கோடு மாறும். 15 கார்பனுக்குக் கீழே உள்ள லேசானவை சில நாளில் ஆவியாகப் போய்விடும். பாக்டீரியா முதலில் நேர்ச்சங்கிலி அல்கேன்களைத் தின்னும், பிறகு கிளை உள்ளவை, அப்புறம் சிறிய அரோமாட்டிக்குகள். ஹோப்பேன் அதற்குக் கிட்டத்தட்டக் கடைசிப் பந்தி. அதனால் மற்றதெல்லாம் போன பிறகும் ஹோப்பேன்களுக்குள் இருக்கும் விகிதம் அப்படியே நிற்கும்.

#3 குவைத்வாசி

நிலத்தடி அண்ணா, விளக்கம் அருமை. ஆனால் ஆலைக்குள் இருந்து பார்க்கிறவனுக்கு ஒரு கேள்வி வரும். நான் சுத்திகரிப்பு ஆலையில் இருக்கிறேன். எங்களிடம் வருவது ஒரே கிணற்று எண்ணெய் கிடையாது. நாலைந்து வயல்களின் எண்ணெயைக் கலந்துதான் கப்பலிலோ குழாயிலோ அனுப்புகிறார்கள். அதற்கு மேல் நாங்கள் காய்ச்சி, உடைத்து, அடியில் நிற்பதை எடுத்து, அதில் கொஞ்சம் லேசான எண்ணெய் ஊற்றி இளக்கிக் கப்பல் எரிபொருளாக விற்கிறோம். அந்தக் கலவையில் பாசியும் பூவும் எங்கே மிஞ்சும்? கடலில் கொட்டுவது பல நேரம் கச்சா எண்ணெயே இல்லை, எரிபொருள்தானே.

எங்கள் கூடத்தில் கந்தகம், வெனேடியம், நிக்கல் பார்ப்போம். அதை வைத்து இன்ன தொட்டி எண்ணெய் என்று ஓரளவு சொல்லலாம், ஊர் பேரெல்லாம் சொல்ல முடியாது.

#4 நிலத்தடி

ஹோப்பேன் மிக அதிக வெப்பத்தில்தான் கொதிக்கும். அதனால் வடிகலனில் அது மேலே போகாது, அடியில்தான் தங்கும். நீங்கள் கப்பலுக்கு விற்கும் அந்தக் கறுப்பு எரிபொருளில் ஹோப்பேனும் ஸ்டீரேனும் நன்றாகவே இருக்கும். டீசலில்தான் சிக்கல், அதில் இவை ஏறக்குறைய கிடையாது. அங்கே 15 கார்பன் அளவில் இருக்கும் செஸ்குவிடெர்ப்பேன்களைப் பார்ப்பார்கள். இரண்டு வளையம் கொண்டவை, டீசலின் கொதிநிலைக்குள் அடங்குபவை.

கலவை என்பது இந்த வேலைக்கு இடைஞ்சல் இல்லை, பல நேரம் உதவி. ஐந்து வயல் எண்ணெயை ஒரு குறிப்பிட்ட அளவில் கலந்து ஒரு தொட்டியில் நிரப்பினால் அந்தத் தொட்டிக்கென்று ஒரு விகிதம் வந்துவிடுகிறது. உலகத்தில் வேறு தொட்டியில் அதே விகிதம் தற்செயலாக அமைவது அரிது. ஆக, கேள்வி எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாறையில் பிறந்தது என்று கேட்டால் கலவை குழப்பும். எந்தக் கப்பலில் இருந்து விழுந்தது என்று கேட்டால் கலவை கைகொடுக்கும்.

வெனேடியம், நிக்கல் பற்றிச் சொன்னீர்கள். இந்தத் துறையே அங்கேதான் ஆரம்பித்தது. 1930களில் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் கச்சா எண்ணெயிலும் எண்ணெய்ப் பாறையிலும் போர்ஃபைரின் இருப்பதைக் கண்டுபிடித்தார், நடுவில் வெனேடியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் வளையம். பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கும் அதே வளையம்தான். செடிக்கும் எண்ணெய்க்கும் உறவு என்பதற்கு மூலக்கூறு அளவில் முதல் அத்தாட்சி அது.

#5 மாற்றுப்பார்வை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எண்ணெய் உயிரிலிருந்துதான் வந்தது என்பதையே எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லையே. பூமியின் ஆழத்தில் இரும்புக் கார்பைடும் நீரும் சேர்ந்து ஹைட்ரோகார்பன் உண்டாகிறது என்று மெண்டலீவே 1877ல் சொல்லியிருக்கிறார். சோவியத் நாட்டில் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஆழத்திலிருந்து வந்த எண்ணெய் மேலே வரும் வழியில் படிவுப் பாறையிலிருந்து இந்த ஹோப்பேனை எல்லாம் கரைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம் அல்லவா?

#6 நிலத்தடி

உயிர் இல்லாமலும் மீத்தேன் உண்டாகும், கடலடி வெந்நீர் ஊற்றுகளில் பார்த்திருக்கிறார்கள். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வயல்களில் எடுக்கும் எண்ணெய்க்கு உங்கள் விளக்கம் ஒத்துவராது. ஒரு எண்ணெயின் ஹோப்பேனும் ஸ்டீரேனும் எந்தப் பாறையைக் காட்டுகின்றனவோ, அந்த எண்ணெயின் மொத்தக் கார்பன் ஐசோடோப்பும் (கனமான கார்பன்-13க்கும் சாதாரண கார்பன்-12க்கும் உள்ள விகிதம்) பெரும்பாலும் அதே பாறையைத்தான் காட்டும். வழியில் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வந்திருந்தால் அந்தக் கொஞ்சம் ஒரு பாறையையும், மீதி மொத்த எண்ணெயும் வேறு எதையோ அல்லவா காட்ட வேண்டும்? இதற்குத் தனி இழை போடுங்கள், அங்கே வந்து பேசுகிறேன். இங்கே மாணவியின் கேள்வி பாதியில் நிற்கிறது.

#7 நிலத்தடி

சரி, உண்மையில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். இதை விட நல்ல உதாரணம் உங்கள் செமினாருக்குக் கிடைக்காது.

1989 மார்ச் 24, பெரிய வெள்ளி, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடம். அலாஸ்காவின் வால்டீஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பிய எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற வளைகுடாவில் பிளை பாறைத்திட்டில் ஏறியது. ஒரு கோடியே பத்து லட்சம் காலன், அதாவது நாலு கோடி லிட்டருக்கு மேல், கடலில் போனது. கப்பலில் இருந்தது அலாஸ்காவின் வடகோடி எண்ணெய், புரூடோ பே பக்கம் எடுத்துக் குழாய் வழியாகத் தெற்கே வந்தது.

அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கீத் குவென்வோல்டன் குழு அந்தக் கரைகளில் கிடந்த தாரைச் சேகரித்துக்கொண்டு போய்ப் பார்த்தது. பாறைகளின் மேல் அப்பளம் மாதிரி தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்த கறுப்புத் தார்க்கட்டிகள். வளைகுடாவின் வடக்கிலும் மேற்கிலும் 61 மாதிரிகள். கப்பல் உடைந்த வளைகுடா, கரை முழுக்க எண்ணெய், அதில் கிடக்கும் தார் யாருடையது என்று கேட்கவே தோன்றாத இடம்.

கார்பன் ஐசோடோப்பு பார்த்தார்கள். 61 மாதிரியும் மைனஸ் 23.7, ஏற்றத்தாழ்வு 0.2 மட்டும். கப்பல் எண்ணெயின் எச்சம் என்று உறுதியாகத் தெரிந்த 28 மாதிரிகள் மைனஸ் 29.4, ஏற்றத்தாழ்வு 0.1. ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் சொல்லப்படும் எண்கள் இவை. கிட்டத்தட்ட 6 வித்தியாசம் என்பது இந்தத் துறையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வெயிலும் அலையும் சேர்ந்து அவ்வளவு நகர்த்தவே முடியாது.

அப்புறம் பயோமார்க்கர். தார்க்கட்டிகளில் ஒலியனேன் இருந்தது, கப்பல் எண்ணெயில் இல்லை. வடகோடி எண்ணெயின் மூலப் பாறைகளில் முக்கியமானவை டிரயாசிக், ஜுராசிக் காலத்தவை, பூக்கும் தாவரம் பெருகுவதற்கு முந்தையவை, அதனால் இல்லாததில் வியப்பில்லை. தார்க்கட்டிகளில் 28,30 பிஸ்நார்ஹோப்பேன் என்ற இன்னொன்றும் தூக்கலாக இருந்தது. அது தூக்கலாக இருக்கும் எண்ணெய் என்றால் இந்தத் துறைக்காரர்கள் முதலில் சொல்லும் பெயர் மான்டெரே பாறை. கலிஃபோர்னியாவில் இருக்கிறது, மயோசீன் காலத்தது, டயட்டம் என்ற நுண்பாசி கொட்டிக் கிடந்த கடலடிச் சேறு.

அலாஸ்காவின் கரையில் கலிஃபோர்னியா எண்ணெய் எப்படி வந்தது? இதற்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது, ஊர் வரலாறுதான் சொல்ல வேண்டும். வடகோடி எண்ணெய் வால்டீஸுக்குக் குழாயில் வர ஆரம்பித்தது 1977ல். அதற்கு முன் 1970 வரைக்கும் அலாஸ்காவில் சாலை போடவும் கட்டடம் கட்டவும் பயன்பட்ட எண்ணெய்ப் பொருட்களோடு இந்தத் தார்க்கட்டிகளின் வேதியியல் ஒத்துப்போனது. 1964 மார்ச் 27, அதுவும் பெரிய வெள்ளி, 9.2 அளவு நிலநடுக்கம். பழைய வால்டீஸ் ஊரே குலைந்தது, பிறகு ஊரையே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த தாரும் எரிபொருளும் சேமித்து வைத்திருந்த தொட்டிகள் உடைந்து வளைகுடாவில் கலந்தன. 25 ஆண்டுக்கு முந்தைய அந்தத் தார் கரைகளில் அப்படியே கிடந்திருக்கிறது. எப்படி அவ்வளவு தூரம் பரவியது என்பது முழுக்கத் தெளிவில்லை என்று அந்தக் குழுவே எழுதியது. ஆனால் முக்கியமான காரணம் அந்த நிலநடுக்கம்தான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். வேதியியல் பாறையைக் காட்டும். மான்டெரே என்ற வரைக்கும்தான் மூலக்கூறு கூட்டிக்கொண்டு போகும். கப்பலா தொட்டியா, 1964ஆ 1989ஆ என்பது அதற்குத் தெரியாது. அங்கிருந்து மேலே போக ஆவணம் வேண்டும், சாட்சி வேண்டும்.

#8 கடலோரக்கரி

இதைப் படித்தால் எக்ஸான் கம்பெனி தப்பித்துக்கொண்ட கதை மாதிரி இருக்கிறது. "கரையில் கிடப்பது எங்களுடையது இல்லை, கலிஃபோர்னியா எண்ணெய்" என்று சொல்லிவிடலாமே. இந்த மாதிரி ஆய்வுகளுக்குக் காசு யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் எப்படி நம்புவது?

#9 நிலத்தடி

குவென்வோல்டன் அரசு ஆய்வகத்தில் இருந்தவர், கம்பெனி ஆள் இல்லை. அவர் பார்த்ததும் பாறை மேலே ஒட்டிக்கொண்டிருந்த தட்டையான தார்க்கட்டிகளை. கப்பல் எண்ணெய் போய்விட்டது என்று அவர் எழுதவில்லை, அதன் தடயம் கரைகளில் இன்னும் இருக்கிறது என்றுதான் தொடங்குகிறார். 2001ல் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனத்தினர் அதே வளைகுடாவில் 91 கரைகளில் ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட கரைகளில் எக்ஸான் எண்ணெய் இருந்தது, பல இடங்களில் கூழாங்கல்லுக்கு அடியில் ஆக்சிஜன் எட்டாமல் நாற்றம் கூடக் குறையாமல். அதையும் எக்ஸான் எண்ணெய் என்று அடையாளம் சொன்னது இதே வேதியியல்தான். மேலே கிடந்தது கலிஃபோர்னியா, கீழே புதைந்தது எக்ஸான்.

ஆனால் காசு பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. அதே வளைகுடாவில் அது பெரிய சண்டையாகவே நடந்தது. கரையை விடுங்கள், ஆழத்துச் சேற்றில் எண்ணெய் விபத்துக்கு முன்பே ஹைட்ரோகார்பன் இருந்தது தெரியவந்தது. அது எங்கிருந்து வந்தது? எக்ஸான் காசு கொடுத்த ஆய்வாளர்கள், கிழக்கே கட்டல்லா, யகட்டாகா பக்கம் இயற்கையாகக் கசியும் எண்ணெய் நீரோட்டத்தில் வந்து படிந்திருக்கிறது என்றார்கள். கசிவு இருப்பது உண்மைதான், கட்டல்லாவில் 1902லேயே எண்ணெய் எடுத்திருக்கிறார்கள். அரசுத் தரப்பு ஆய்வாளர்களோ, அது எண்ணெய் இல்லை, ஆறுகள் அரித்துக்கொண்டு வந்த நிலக்கரித் துகள் என்றார்கள்.

இரண்டு பக்கமும் நல்ல கருவி, நல்ல ஆட்கள், ஒரே சேறு. ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு? கசிவு எண்ணெய் என்றால் அங்கே உள்ள மீனும் நண்டும் காலங்காலமாக எண்ணெயோடு வாழ்ந்து பழகியவை என்று வாதாடலாம், கப்பலின் சேதம் சின்னதாகத் தெரியும். நிலக்கரி என்றால் அதிலுள்ள ஹைட்ரோகார்பன் கல்லுக்குள் பூட்டிக் கிடப்பது, உயிர்களின் உடம்பில் அவ்வளவாக ஏறாது, ஆகவே கப்பலுக்கு முன் அந்த வளைகுடா சுத்தமாகத்தான் இருந்தது என்று ஆகும். பிறகு எக்ஸான் தரப்பு, அரித்து வரும் எண்ணெய்ப் பாறைத் துகள்களையும் கணக்கில் சேர்த்தது. பல ஆண்டு ஓடிய சண்டை.

என் கருத்து, காசு கொடுத்தவர் பெயரைப் பார்த்து ஒதுக்குவதும் சரியில்லை, பார்க்காமல் விடுவதும் சரியில்லை. எந்தெந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்க்க வேண்டும். விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் சாய்வு நுழையும், கருவியில் இல்லை.

#10 எர்ணாவூர்

எனக்கு வேதியியல் தெரியாது, மீன்பிடிக் குடும்பம். 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியதே, அது எங்கள் கரைக்குத்தான் வந்தது. பாறைக்கு நடுவில் கட்டிக்கிடந்த எண்ணெயை வாளியில் அள்ளி அள்ளி ஊற்றினோம், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் வந்து அள்ளினார்கள். அப்போது கப்பல் எது என்று ஊருக்கே தெரியும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் வந்தபோது முதல் சில நாள் பேச்சே "இது எங்கிருந்து வந்தது" என்பதுதான். வலையும் படகும் கறுப்பாகிவிட்டது, நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த முறை இப்படி வந்தால் நாங்களே கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா? எதில் எடுக்க வேண்டும்? கேன் போதுமா?

#11 நிலத்தடி

கண்டிப்பாக எடுத்து வையுங்கள். இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே இதற்குத்தான் அவசரமாகப் பதில் வேண்டும்.

பிளாஸ்டிக் கேன் வேண்டாம். பிளாஸ்டிக்கிலிருந்து தாலேட் என்ற பொருள் எண்ணெயில் இறங்கி, படத்தில் வந்து குழப்பும். கண்ணாடிப் பாட்டில், ஜாம் பாட்டில் போதும், நன்றாகக் கழுவிக் காயவைத்தது. மூடிக்கு உள்ளே அலுமினியத் தாளை வைத்து மூடுங்கள். உருண்டையாக இருந்தால் முழுசாக எடுங்கள், உடைக்காதீர்கள், வெளித்தோல் வெயிலில் மாறியிருக்கும், உள்ளே இருப்பது அவ்வளவு மாறியிருக்காது. கையால் எடுக்காதீர்கள், ஸ்பூனோ சுத்தமான குச்சியோ போதும். முக்கியமாகப் படகு எஞ்சின் பக்கம் வைக்காதீர்கள். எஞ்சின் ஆயிலிலும் ஹோப்பேன் இருக்கிறது, அது ஒரு சொட்டு கலந்தாலும் "உங்கள் படகு ஆயில்தான்" என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

எண்ணெய் படாத இடத்து மணலும் ஒரு பாட்டில் எடுங்கள். அது இல்லாவிட்டால் முன்பு அங்கே என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே அலாஸ்காச் சண்டை அதனால்தான் அத்தனை ஆண்டு நீண்டது. எடுத்த இடம், நாள், நேரம் எழுதி ஒட்டுங்கள், போட்டோ எடுங்கள், ஃபிரிட்ஜில் வையுங்கள், வெயில் படக் கூடாது. முடிந்தால் கிராம நிர்வாக அலுவலர் மாதிரி ஒருவர் முன்னால் எடுத்து, சீல் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கையெழுத்தோடு எழுதி வையுங்கள். வழக்கு என்று வந்தால் முதலில் உதைபடுவது இந்த இடம்தான், வேதியியல் இல்லை.

#12 டெல்டாக்காரன்

எங்கள் பக்கம் நரிமணம், குத்தாலத்தில் எடுக்கிறார்களே, அது காவிரி கொண்டுவந்த வண்டலில் மக்கிய செடிகொடியிலிருந்து வந்ததா?

#13 நிலத்தடி

இல்லை, இன்றைய காவிரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கோண்டுவானாக் கண்டம் பிளந்து இந்தியா பிரிந்தபோது உண்டான பள்ளங்களில் கிரெட்டேசியஸ் தொடக்கத்தில் படிந்த சேறு அங்கே முக்கிய மூலப் பாறை. ஆண்டிமடம் பாறைத்தொகுதி என்று பெயர், நம் அரியலூர்ப் பக்கத்து ஆண்டிமடம்தான்.

#14 குவைத்வாசி

கோவாக் கடற்கரையில் மழைக்காலத்தில் தார் உருண்டை ஒதுங்குவது வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதையும் இப்படிப் பார்த்திருக்கிறார்களா?

இன்னொன்று. ஒரே கிணறு, ஒரே எண்ணெய், ஆனால் கசிந்த இடம் இரண்டாக இருக்கலாம் என்றால் என்ன செய்வார்கள்? பாறையும் ஒன்று, கலவையும் ஒன்று, அப்போது உங்கள் ஹோப்பேன் உதவாதே.

#15 நிலத்தடி

கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் பார்த்திருக்கிறார்கள். ஹோப்பேன், ஐசோடோப்பு இரண்டும் வைத்து ஒப்பிட்டு, 2013ல் ஒதுங்கியவை மும்பைக்கு மேற்கே கடலில் இருக்கும் பாம்பே ஹை வயலின் எண்ணெயோடு ஒத்துப்போவதாகவும், அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் வந்தவை கப்பல் தொட்டி கழுவிய தென்கிழக்கு ஆசிய எண்ணெய் போலத் தெரிவதாகவும் எழுதினார்கள்.

இரண்டாவது கேள்வி அருமையான கேள்வி, மெக்சிகோ வளைகுடாவில் அப்படியே நடந்தது. டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடை 2010 ஏப்ரல் 20ல் வெடித்தது, அது துளையிட்ட மக்கொண்டோ கிணறு ஜூலையில் மூடப்பட்டது. 2012ல் அதே இடத்தில் கடல் மேல் மறுபடியும் எண்ணெய்ப் படலம். கிணறு திரும்பக் கசிகிறதா என்று எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைத்தது. பயோமார்க்கர் பார்த்தால் மக்கொண்டோ எண்ணெய்தான், அதில் ஐயமில்லை. ஆனால் கிணற்றிலிருந்தா, உடைந்து கடலடியில் கிடக்கும் மேடையிலிருந்தா?

உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவன, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் படலத்தில் ஒலிஃபின்களைக் கண்டார்கள். கச்சா எண்ணெயில் அவை இயற்கையாக இருப்பதில்லை. துளையிடும்போது பயன்படுத்தும் செயற்கைச் சேற்றில் சேர்ப்பது. மேடை மூழ்கியபோது அந்தச் சேறும் அதோடு போனது. கிணற்றிலிருந்து புதிதாக வரும் எண்ணெயில் ஒலிஃபின் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே படலம் வருவது கடலடியில் கிடக்கும் உடைசல்களில் தேங்கி நின்ற எண்ணெயிலிருந்து என்று 2013ல் எழுதினார்கள். பாறை ஒன்றாக இருந்தாலும் எண்ணெய் வந்த வழியில் ஒட்டிக்கொண்டது காட்டிக்கொடுத்தது.

#16 வேதிமாணவி

அனைவருக்கும் நன்றி, எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு கிடைத்தது. இரண்டு சந்தேகம் மட்டும் மிச்சம். ஹோப்பேனையும் பாக்டீரியா தின்றுவிட்டால்? அப்புறம் முதல் இடுகையில் நீதிமன்றத்தில் நிற்குமா என்று கேட்டேனே, அதற்காக, இரண்டு விகிதம் எவ்வளவு நெருங்கினால் "ஒன்றுதான்" என்று எழுதலாம்? அதற்கு எல்லை ஏதாவது வகுத்திருக்கிறார்களா?

#17 நிலத்தடி

கடலில் கொட்டிய எண்ணெயில் சில ஆண்டுக்குள் ஹோப்பேன் பெரிதாகக் கரைவதில்லை. நிலத்தடித் தேக்கத்திலேயே கோடிக்கணக்கான ஆண்டு பாக்டீரியா தின்ற எண்ணெயில்தான் அந்த நிலை வரும். அங்கே ஒரு மீத்தைல் கழன்ற 25 நார்ஹோப்பேன் தலைகாட்டும், அதைப் பார்த்தாலே தின்றது எவ்வளவு என்று தெரியும். அப்போது ஐசோடோப்பையும், மூன்று வளைய அரோமாட்டிக் ஸ்டீராய்டுகளையும் நம்பிப் போக வேண்டும், அவை இன்னும் கெட்டி.

எல்லை வகுத்திருக்கிறார்கள். ஐரோப்பியத் தர நிர்ணய முறையில், இரண்டு மாதிரியின் ஒரு விகிதம் 14 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அது உண்மையான வித்தியாசம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது வரும் இயல்பான ஆட்டம் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், அதிலிருந்து கணக்கிட்டு வந்த எண் அது. இப்படிப் பல விகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, விலகியதற்கு ஆவியானதோ வெயிலோ காரணமாக இருக்க முடியுமா என்றும் பார்த்து, கடைசியில் நாலில் ஒன்றை எழுதுவார்கள்: பொருந்துகிறது, பெரும்பாலும் பொருந்துகிறது, முடிவு சொல்ல முடியாது, பொருந்தவில்லை. நீதிமன்றத்துக்குப் போவது இந்த நாலில் ஒன்றுதான். மூன்றாவதை எழுத வேண்டிய இடத்தில் முதலாவதை எழுதச் சொல்லி அழுத்தம் வரும், எழுதக் கூடாது.

செமினாருக்கு ஒரு யோசனை. அலாஸ்கா எண்களை ஒரு புள்ளிப் படமாகப் போடுங்கள். கிடையில் கார்பன் ஐசோடோப்பு, நெடுக்கில் பிஸ்நார்ஹோப்பேனுக்கும் 30 கார்பன் ஹோப்பேனுக்கும் உள்ள விகிதம். தார்க்கட்டிகள் ஒரு மூலையிலும் கப்பல் எண்ணெய் எதிர் மூலையிலும் தனித்தனிக் கொத்தாக விழும், நடுவில் காலியாக இருக்கும்.

#18 வேதிமாணவி

அப்படியே செய்கிறேன் ஐயா. எர்ணாவூர் அண்ணன் கேட்டதற்கு நீங்கள் சொன்ன மாதிரி எடுக்கும் முறையையும் கடைசியில் ஒரு ஸ்லைடாக வைக்கிறேன், எங்கள் துறையில் கருவி இருக்கிறது, வெளி மாதிரிகளை வாங்கி ஓட்டித் தருவார்களா என்று துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.